ஞாயிற்றுக்கிழமை அப்பா

போன மே மாதம். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு ஞாயிறு காலை. பால் பாக்கெட்டும் கையுமாக அபார்ட்மென்ட் வாசலுக்குள் நுழைகிறேன். என் நாலரை வயது மகள், புதிதாகக் குடிவந்த வீட்டுப் பொடிசோடு படிக்கட்டில் உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பொடிசு என்னைக் காட்டி, "இது யாருடி?" என்றது.

"இதுவா? இது எங்க ஞாயித்துக்கிழமை அப்பா!"

"அப்ப மத்த கிழமைக்கெல்லாம் யாரு?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதை முதல் மாடி மாமி கேட்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்!

கல்யாணம் ஆகாத வாசகர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனவர்கள் என் கட்சி. எனக்கு வீடு திருமுல்லைவாயல், ஆபீஸ் பழைய மகாபலிபுரம் ரோடு. மின்சார ரயில், பஸ், ஷேர் ஆட்டோ என்று மூன்று மாறிப் போகவேண்டும். காலையில் குழந்தைகள் எழுவதற்கு முன் கிளம்பி, ராத்திரி அவர்கள் தூங்கிய பின் திரும்புகிற ஜாதி நான். சனிக்கிழமை 'அரை நாள்' என்பார்கள். எந்த அரை என்று சொல்லமாட்டார்கள்.

மாடியேறி வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அனுதாபம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"அவ சொன்னதுல பாதிதாங்க கரெக்ட். ஞாயித்துக்கிழமையும் மத்தியானம் ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் நீங்க தூக்கம்" என்றாள், வெங்காயத்தை நறுக்கியபடி.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னிக்கு பசங்களுக்கு என் கையால ஒரு விளையாட்டுச் சாமான் செஞ்சு தரேன், பாரு!"

"என்னது?"

தெருமுனையில் தள்ளுவண்டிக்காரர் நுங்கு குவித்து வைத்திருந்தது ஞாபகம் வந்தது. "நுங்கு வண்டி!"

சொல்லிவிட்டேனே தவிர, உண்மையைச் சொன்னால், நான் வாழ்நாளில் நுங்கு வண்டி ஓட்டியதில்லை. அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவன். சினிமாவில் பார்த்ததோடு சரி.

ஆனால் ஒரு நம்பிக்கை. எங்கள் ஏரியாவுக்கும் சக்கரத்துக்கும் ஜாதகப் பொருத்தம் உண்டு சார். 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1955-ல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை. 1965-ல் ஆவடியிலிருந்து விஜயந்தா டாங்கி உருண்டு வெளியே வந்தது. ஒரு காலத்தில் டன்லப் டயர் கம்பெனிகூட இங்கேதான். சைக்கிள், ரயில், டாங்கி எல்லாம் உருள்கிற மண்ணில் இரண்டு நுங்கு உருளாதா?

நேரே தள்ளுவண்டிக்காரரிடம் போனேன். "நுங்கு வண்டிக்கு எவ்ளோப்பா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வண்டிய விக்கறதில்ல சார். நுங்கு வேணும்னா வாங்கிக்க."

விளக்கியதும் சிரித்துவிட்டார். "ஓ, புள்ளைங்களுக்கா? இப்பல்லாம் யாரு சார் முழுக்காயா கேக்கறாங்க? சுளையா உரிச்சு கவர்ல போட்டுக்குடுன்றாங்க. பேரன் கேட்டானா?"

"பையன்யா! எனக்கு நாப்பத்தொண்ணுதான் ஆகுது!"

"வெயில்ல சரியாத் தெரில சார்" என்று சமாளித்தபடி அரிவாளை எடுத்தார். தலைப்பக்கம் ஒரே சீவு. மூன்று கண்களும் பளிச்சென்று தெரிந்தன. பெரிதாக ஒன்று, மலிவாக ஒன்று என்று பொறுக்கி வாங்கிக்கொண்டு வந்தேன். கணக்கு டிபார்ட்மென்ட் புத்தி!

கட்டை விரலால் நெம்பி நுங்கைத் தின்பது எப்படி என்று பெரியவனுக்கு (ஏழு வயது) டெமோ காட்டினேன். முதல் கண்ணிலேயே நுங்குத் தண்ணீர் பீய்ச்சி என் மூக்குக்கண்ணாடி அபிஷேகம் ஆயிற்று. பசங்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "அப்பா, இன்னொரு தடவை!"

அச்சுக்குத் துடைப்பக் குச்சியைச் செருகினேன். மளுக். பென்சிலைச் செருகினேன். நீளம் போதவில்லை. கடைசியில் மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து ஒட்டடைக் கம்பில் ஒரு சாண் வெட்டினேன். தள்ளுவதற்கு வேப்பங்கிளையில் ஒரு கவைக்குச்சி. வண்டி ரெடி!

கார் பார்க்கிங்கில் வெள்ளோட்டம். பெரியவன் தள்ளினான். வண்டி நாலடி நேராகப் போயிற்று. அப்புறம் மெல்ல இடதுபக்கம் திரும்பி, அசோசியேஷன் செக்ரட்டரி காரின் டயரில் போய் முட்டியது. மறுபடி தள்ளினான். மறுபடி இடது. மறுபடி முட்டல்.

"அப்பா, உங்க வண்டிக்கு யூ-டர்ன் மட்டும்தான் தெரியுமா?"

அப்போதுதான் மேலேயிருந்து அந்தக் குரல் வந்தது.

"டேய்! லெஃப்ட்ல இழுக்குதுடா!"

நிமிர்ந்து பார்த்தேன். இரண்டாவது மாடி பால்கனியில் என் அப்பா.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயம் சொல்லவேண்டும். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதிலிருந்து அப்பா பேசுவதையே விட்டுவிட்டார் என்றே சொல்லலாம். "சாப்பிட்டீங்களா?" என்றால் "ம்". "மாத்திரை?" என்றால் "ம்". டி.வி. ஓடும், பார்க்கமாட்டார். பேப்பர் விரிந்திருக்கும், பக்கம் திரும்பாது. டாக்டர், "அவரைக் கொஞ்சம் வெளியே கூட்டிட்டுப் போங்க" என்றார். கூப்பிட்டால் "ம்ஹூம்" என்பார். அது ஒன்றுதான் வித்தியாசம்.

அந்த மனுஷர் லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திருக்காமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கி வந்தார். என் மனைவி பின்னாலேயே, "மாமா, மெதுவா... மாமா!" என்று ஓடி வந்தாள்.

அப்பா ஆவடிப் பக்கம் ஒரு ஃபாக்டரியில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். வண்டியைக் கையில் வாங்கி, கண்ணுக்கு நேரே வைத்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"எவன்டா இதைப் பண்ணது?"

இரண்டு குழந்தைகளும் ஒரே நேரத்தில் என்னைக் கை காட்டின. இந்த விஷயத்தில் மட்டும் ஒற்றுமை!

"ஒரு சக்கரம் பெருசு, ஒண்ணு சின்னது. ரெண்டும் ஒரே அச்சுல இறுக்கி இருக்கு. ஒரு சுத்துக்குப் பெருசு அதிக தூரம் போகும், சின்னது கம்மியாப் போகும். அப்ப வண்டி எந்தப் பக்கம் திரும்பும்?"

"சின்ன பக்கம்!" என்றான் பெரியவன். எனக்குத் தெரியும் என்பதுபோல் நானும் தலையாட்டினேன்.

"ரயிலும் இப்படித்தான்டா கண்ணு. ரெண்டு சக்கரமும் அச்சோட ஒண்ணாச் சுத்தும். அதனால சக்கரத்தை லேசாச் சரிவாக் கடைஞ்சிருப்பாங்க. வளைவுல போறப்ப வெளிப்பக்கச் சக்கரம் பெரிய சுத்துல உருளும், உள்பக்கம் சின்ன சுத்துல உருளும். தானாத் திரும்பிக்கும். உங்கப்பன் தினம் அதுலதான் போறான். ஜன்னல் வழியா என்னத்தைப் பார்த்தானோ!"

இரண்டு வருஷத்தில் அப்பா பேசிய மொத்தத்தையும் கூட்டினால் இவ்வளவு வராது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் மனைவியைப் பார்த்தேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவர் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

"போ. ஒரே குலையில, ஒரே சைஸ்ல ரெண்டு காய் வாங்கிட்டு வா" என்றார். போனேன். ஆபீஸில் மானேஜர் சொன்னால்கூட இவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

அப்பா ஒரு நூலை எடுத்துக் காய்களைச் சுற்றி அளந்தார். மூன்று கண்ணுக்கும் நடுவில் நார் கெட்டியாக இருக்கிற இடத்தில் விரலை வைத்தார். "இதான் சென்டர். கடவுளே மார்க் பண்ணி அனுப்பியிருக்கான். நீ ஓரத்துல குத்தியிருக்கே." அச்சைச் செருகி, கவைக்குச்சியின் உள்பக்கத்தை வழவழப்பாகச் சீவி, பெரியவன் கையில் கொடுத்தார்.

வண்டி நூல் பிடித்தாற்போல் கேட் வரைக்கும் போயிற்று.

அரை மணி நேரத்தில் அபார்ட்மென்ட்டின் மொத்தக் குழந்தைப் பட்டாளமும் கீழே இறங்கிவிட்டது. செல்போனெல்லாம் மேலே சார்ஜில்! சாயங்காலத்துக்குள் தள்ளுவண்டிக்காரர் எங்கள் வாசலிலேயே வண்டியைப் போட்டுவிட்டார். அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆறு வண்டி செய்தார். ஒவ்வொன்றுக்கும் டெலிவரிக்கு முன் டெஸ்ட் டிரைவ் உண்டு. என் மகள்தான் இன்ஸ்பெக்டர்.

கூட்டம் கலைந்த பிறகு கேட்டேன். "அப்பா, இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"திண்டிவனம் பக்கம் பொறந்தவனுக்கு இது ஒரு வித்தையாடா? ஏரிக்கரை பூரா பனைதான். பள்ளிக்கூடத்துக்குப் போனதே நுங்கு வண்டி ஓட்டிக்கிட்டுத்தான்."

"எனக்கு ஒண்ணுகூட செஞ்சு தந்ததில்லையே?"

கேட்டிருக்கக்கூடாது. நாக்கில் சனி. அப்பா கொஞ்ச நேரம் கையிலிருந்த நாரைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

"மூணு ஷிஃப்டுடா அப்ப. அதுக்கு மேல ஓவர்டைம். உங்கக்கா கல்யாணம், இந்த வீட்டுக்குக் கடன்... நான் வர்றப்ப நீ தூங்கிட்டிருப்பே. உங்கம்மா சொல்லுவா, 'புள்ளைக்கு உங்க மூஞ்சி மறந்துடப் போகுது'ன்னு. ரிடயர் ஆனப்புறம் சேர்த்து வச்சு விளையாடலாம்னு நெனச்சேன். ரிடயர் ஆகிப் பார்த்தா, உனக்கு மீசை."

சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றி மேற்கொண்டு எழுத வேண்டாம்.

நுங்கு வண்டிக்கு ஆயுசு கம்மி. இரண்டு மூன்று நாளில் காய் வற்றிச் சுருங்கி அச்சு கழன்றுவிடும். புதன்கிழமை ராத்திரி நான் வீட்டுக்கு வந்தபோது பெண் தூங்காமல் அழுதுகொண்டிருந்தாள். "வண்டி செத்துப் போச்சு!"

"அழாதேடா. பனை இருக்கே, அது வருஷம் பூரா விளையாட்டுக் குடுக்கும்" என்று அப்பா ஒரு அட்டவணையே போட்டார். ஆடி மாசம் காற்றுக்குப் பனையோலைக் காற்றாடி. ஓலையை மடித்து, முள்ளைக் குத்தி, எதிர்க்காற்றில் ஓடினால் போதும். ஐப்பசியில் மழை வந்தால் காகிதக் கப்பல், கத்திக் கப்பல். (2015 டிசம்பரில் சென்னைத் தெருக்களில் நிஜப் படகே விட்டோம். அதனால் கப்பலுக்கு மொட்டை மாடித் தண்ணீர் போதும், சாக்கடை ஓரம் வேண்டாம்.) கார்த்திகை தீபத்துக்கு மாவலி. ஆண் பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்துத் துணியில் சுருட்டிக் கட்டி, நெருப்பு வைத்துச் சுற்றினால் பொறி பூப்பூவாய்க் கொட்டும். அது பெரியவர்கள் கையில், திறந்த மைதானத்தில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு. தையில் அவித்த பனங்கிழங்கு. அதற்கு முதல் நாள் போகி மேளம். மேளம் மட்டும், டயர் கொளுத்துவது கிடையாது.

"ஆண் பனையில காய்க்காதா தாத்தா?" என்றான் பெரியவன்.

"காய்க்காது. பொம்பளைப் பனைதான் நுங்கு குடுக்கும். ஆம்பளைப் பனை வருஷத்துல ஒரு நாள் பொறி விடும், அவ்ளோதான்."

"இங்கயும் அதே கதைதான் மாமா" என்றாள் என் மனைவி, என் பக்கம் திரும்பாமல்.

அப்பாவுக்கு அத்தோடு திருப்தி இல்லை. பனங்கொட்டை கிடைத்தால் ஏரிக்கரையில் நடவேண்டுமாம். 2021-ல் வந்த தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை என்று அறிவித்தார்களே, அதை எங்கேயோ படித்து ஞாபகம் வைத்திருக்கிறார். பேப்பர் படிக்காமலில்லை மனுஷர்! பனை காய்ப்புக்கு வரப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம்கூட ஆகும். 'தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான்' என்பார்கள். எழுபத்து நாலு வயதில் அவர் நடுகிறேன் என்கிறார். நாற்பத்தொன்றில் நான் 'ரிடயர் ஆகட்டும்' என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மானேஜரிடம் போய், சனிக்கிழமை அரை நாள் என்றால் இனி அது மதியம் ஒரு மணியோடு முடியும் அரை என்றேன். "ஏதாவது விசேஷமா?" என்றார். "வண்டி சர்வீஸ் சார்" என்றேன். பொய் இல்லை.

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு வாசலில் நுழைந்தேன். அதே பொடிசு, அதே கேள்விப் பார்வை. என் மகள் இடுப்பில் கை வைத்துச் சொன்னாள்:

"இது சனிக்கிழமைக்கும் எங்க அப்பாதான்!"

பிரமோஷன்! ஆபீஸில் ஐந்து வருஷமாகக் கிடைக்காதது.

அப்பா பார்க்கிங் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு நுங்கு வண்டி. மற்றதைவிடப் பெரியது. கவைக்குச்சியும் நீளம்.

"யாருக்குப்பா இது?"

"உனக்குத்தான்டா. முப்பத்தஞ்சு வருஷம் லேட்டு. ஓட்டிப் பாரு, லெஃப்ட்ல இழுக்குதான்னு."

சுற்றுமுற்றும் பார்த்தேன். முதல் மாடி மாமி பால்கனியில் இருந்தார். இருக்கட்டும். ஷூவைக் கழற்றினேன், பேன்ட்டை மடித்துவிட்டேன், ஓட்டினேன்.

இழுக்கவில்லை. கேட் வரைக்கும் நேராகப் போயிற்று. அங்கே வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார்.

"சார், லைசென்ஸ்?"