குடுவைச் செடி வாங்கப் போகிறீர்களா?

இலை நுனியில் சின்னச் சின்ன ஜாடிகளாகத் தொங்கும் குடுவைச் செடியை இப்போது நர்சரிகளில் நிறையவே பார்க்கிறோம். 'நெபந்தஸ்' என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்த ஜாடி பூ அல்ல. இலையின் நுனியே நீண்டு அப்படி ஆகிறது. வாய் ஓரத்துத் தேனுக்கு ஆசைப்பட்டு வரும் எறும்பு வழுக்கி உள்ளே விழும். உள்ளிருக்கும் திரவம் அதைக் கரைத்துச் செடிக்கு உணவாக்கிவிடும். கொசு ஒழியும் என்று நம்பி மட்டும் வாங்காதீர்கள்!

இந்தியக் காடுகளில் தானாக வளர்வது ஒரே ஒரு இனம்தான். மேகாலயா மலைகளில் இருக்கும் அது இன்று அழியும் நிலையில் உள்ளது. "காட்டிலிருந்து வந்த அசல் செடி அம்மா" என்று யாராவது நீட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு ஏற்றது கலப்பினமே. அது நம் கைப்பிழைகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

கடையில் அதிகம் கிடைப்பது 'வென்ட்ரேட்டா'. தாய் தந்தை இரண்டும் பிலிப்பைன்ஸ் நாட்டு இனங்கள்: வென்ட்ரிகோசா, அலாட்டா. வெறும் 'அலாட்டா' என்று சீட்டு ஒட்டியும் இதை விற்பதுண்டு. ஜாடியின் நடுவில் இடுப்புப் பிடித்தாற்போல லேசாக ஒடுங்கியிருந்தால் வென்ட்ரிகோசாவின் சாயல் என்று கொள்ளலாம். ஜாடி பெரிதாக, முன்பக்கம் முடி வைத்த இரண்டு இறக்கைகளோடு, வாயில் சிவப்புக் கோடுகளோடு இருந்தால் 'மிராண்டா'வாக இருக்கலாம். ஆனால் ஒரே செடியில் கீழே குண்டு ஜாடியும், கொடி ஏறிய பிறகு மேலே ஒல்லி ஜாடியும் வரும். அதனால் ஒரு ஜாடியைப் பார்த்துப் பெயர் சொல்லிவிட முடியாது. வாங்கும்போதே பெற்றோர் பெயரைக் கேட்டு எழுதித் தொட்டியில் செருகி வையுங்கள்.

வளர்ப்பதற்கு நான் செய்வது இதுதான். தோட்டத்து மண், எரு இரண்டும் கூடவே கூடாது. நன்றாக ஊறவைத்து அலசி உப்பு நீக்கிய தேங்காய் மட்டைத் துண்டுகளோடு மரக்கரியும் பெர்லைட்டும் கலந்து நடுகிறேன். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுகிறேன். உப்புத் தண்ணீர் இதற்கு எமன். கலவை ஈரமாக இருக்க வேண்டும். ஆனால் தொட்டி தண்ணீரில் நிற்கக் கூடாது. உச்சி வெயில் படாத, வெளிச்சம் நிறைந்த ஜன்னலோரம் போதும்.

குழந்தைகள் ஜாடியைக் கவிழ்த்துத் திரவத்தைக் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த ஜாடியை மட்டும் கத்தரியுங்கள், பச்சை இலையை விட்டுவிடுங்கள். இலை வருகிறது, ஜாடி வரவில்லை என்றால் வெளிச்சமோ காற்றின் ஈரமோ போதவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் நாலு தொட்டிச் செடிகளைச் சேர்த்து வையுங்கள். உடனே உரம் போட்டுவிடாதீர்கள், வேர் கருகிவிடும். புது இடம் பழக இரண்டு மூன்று மாதம்கூட ஆகும், பொறுத்திருங்கள்.