இதயத்தில் ஓட்டையா? எல்லா ஓட்டையும் ஒன்றல்ல!

‘‘குழந்தைக்கு ஹார்ட்ல சின்னதா ஒரு ஓட்டை இருக்கு’’ என்று டாக்டர் சொன்னதும், பெற்றோருக்கு அதற்குமேல் எதுவுமே காதில் விழாது. ஆனால், தாயின் வயிற்றில் இருக்கும்வரை எல்லாக் குழந்தைகளின் இதயத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. நாம் எல்லோருமே அதோடு வந்தவர்கள்தான்.

இதயத்தில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு அறைகள். உடலைச் சுற்றிவந்த ரத்தம் வலது மேலறைக்குள் நுழைந்து, வலது கீழறைக்கு இறங்கி, நுரையீரலுக்குப் போகும். அங்கே ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு இடது மேலறைக்கும், பிறகு இடது கீழறைக்கும் வந்து, உடம்பு முழுக்கப் பாயும். பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு அனுப்புவது வலது கீழறைக்குச் சின்ன வேலை. உச்சி முதல் பாதம்வரை தள்ளவேண்டிய இடது கீழறையின் சுவரோ சுமார் மூன்று மடங்கு தடிமன். வலதும் இடதும் கலந்துவிடாமல் நடுவே ஒரு தடுப்புச் சுவர்.

வயிற்றுக்குள் சிசுவின் நுரையீரலுக்கு வேலை இல்லை. ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாக வருகிறது. அந்த ரத்தத்தில் பெரும்பகுதி, மேலறைகளுக்கு நடுவில் இருக்கும் ‘ஃபொராமென் ஓவேல்’ என்ற குறுக்குவழியில் நேராக இடப்பக்கம் தாண்டிவிடும். குழந்தை பிறந்து வீறிட்டு அழும்போது நுரையீரல் விரிகிறது. அங்கிருந்து ரத்தம் இடது மேலறைக்குள் கொட்டுகிறது. அந்த அழுத்தத்தில், ஒற்றைக்கதவு போன்ற மெல்லிய சவ்வு அந்த வழியைச் சாத்திவிடுகிறது. பிறகு மெல்ல ஒட்டிக்கொள்ளும். சுமார் நாலில் ஒருவருக்கு முழுதாக ஒட்டுவதே இல்லை. அவர்களில் பெரும்பாலோர் அது தெரியாமலே பேரன் பேத்தி எடுத்துவிடுகிறார்கள்.

கவனிக்க வேண்டியது, தடுப்புச் சுவரே சரியாக உருவாகாமல் விழும் ஓட்டையை. கீழறைகளுக்கு நடுவே இருப்பது சிறியதென்றால், பல குழந்தைகளுக்குத் தானாகவே மூடிவிடும். பெரியதென்றால், அழுத்தம் மிகுந்த இடப்பக்க ரத்தம் மறுபடி வலப்பக்கம் புகுந்து நுரையீரலை நிரப்பும். பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும், எடை ஏறாது, சளி விடாது. ‘பால் குடிச்ச களைப்பு’ என்று வீட்டுப் பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். அதைக் கேட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. வருடக்கணக்கில் விட்டால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகி, ஓட்டையை அடைக்கவே முடியாத நிலைகூட வரலாம்.

மேலறை ஓட்டைகள் பலவற்றை இப்போது நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியே சிறு கருவியைச் செலுத்தி அடைக்கிறார்கள். எக்கோ ரிப்போர்ட் கையில் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஓட்டை எந்தச் சுவரில், எவ்வளவு பெரியது, அடுத்த எக்கோ எப்போது? குழந்தையின் உதடும் நாக்கும் நீலம் பாரித்தால் மட்டும் அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்; உடனே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.