ஏட்டில் காணும் இலாபமும் கையில் சேரும் காசும்

ஆண்டறிக்கைகள் வெளியாகும் காலங்களில் காணி, கட்டட முதலீட்டு நிறுவனங்களின் சிறிய பங்குதாரர்கள் ஒரு கேள்வியை எழுப்புவது வழமை. நிறுவனத்தின் இலாபம் பன்மடங்கு உயர்ந்திருக்கையில் பங்குலாபம் மட்டும் ஏன் உயரவில்லை என்பதே அது. நியாயமான இக்கேள்விக்கான விடை கணக்கறிக்கையிலேயே உள்ளது. ஆனால், அது முதற் பக்கத்தில் இருப்பதில்லை.

2012 ஜனவரி முதல் இலங்கைக் கணக்கீட்டு நியமங்கள் சர்வதேச நியமங்களுடன் இசைவாக்கப்பட்டன. அவற்றுள் 40 ஆம் இலக்க நியமம், முதலீட்டு ஆதனங்களைக் கொள்விலையிலோ நியாயப் பெறுமதியிலோ காட்ட இடமளிக்கின்றது. நியாயப் பெறுமதியைத் தெரிவுசெய்யும் நிறுவனம், ஆண்டுக்குள் ஏற்பட்ட பெறுமதி அதிகரிப்பை அவ்வாண்டின் இலாபமாகவே பதிய வேண்டும். 100 கோடி ரூபா பெறுமதியான கட்டடம் ஆண்டிறுதியில் 130 கோடி ரூபாவென மதிப்பிடப்பட்டால், 30 கோடி ரூபா இலாபமாகின்றது. கட்டடம் விற்கப்படவில்லை, ஒரு சதமேனும் கைக்கு வரவில்லை.

வாடகையிலும் இத்தகைய நிலை உண்டு. ஐந்தாண்டுக் குத்தகையில் முதலாம் ஆண்டு வாடகை விலக்களிக்கப்பட்டு, எஞ்சிய நான்காண்டுகளுக்கு ஆண்டுதோறும் 100 இலட்சம் ரூபா அறவிடப்படுவதாகக் கொள்வோம். மொத்தத் தொகை ஐந்தாண்டுகளுக்கும் சமமாகப் பகிரப்படுவதால், முதலாம் ஆண்டிலேயே 80 இலட்சம் ரூபா வருமானம் பதியப்படும். ஆனால், பெறப்பட்ட காசோ பூச்சியமாகும்.

இவை மோசடிகளல்ல, நியமங்கள் வேண்டிநிற்கும் நடைமுறைகளே. சொத்தின் இன்றைய பெறுமதியை அறியும் உரிமையும் முதலீட்டாளருக்கு உண்டு. எனினும், ஏற்றத்தில் இலாபமாகத் தோன்றுவது இறக்கத்தில் நட்டமாகத் திரும்புமென்பதை மறந்துவிடலாகாது. பிரித்தானியாவின் லாண்ட் செக்யூரிட்டீஸ் நிறுவனம் 2009 மார்ச்சில் முடிவுற்ற ஆண்டில் 400 கோடி பவுணுக்கும் அதிகமான நட்டத்தை அறிவித்தது. அதன் கட்டடங்களிலிருந்து வாடகை தொடர்ந்தும் வந்துகொண்டே இருந்தது, வீழ்ச்சியுற்றது மதிப்பீடே. ஆனால், சொத்துப் பெறுமதி குறையக் கடனின் விகிதம் உயர்ந்தது. அதனால் உரிமைப் பங்கு வழங்கலின் மூலம் சுமார் 75 கோடி பவுணைப் பங்குதாரர்களிடம் கோர வேண்டியதாயிற்று. ஏட்டிலேற்பட்ட நட்டத்துக்காக அவர்கள் மெய்யான காசைக் கொடுக்க நேர்ந்தது.

எமது நாட்டின் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், பங்குலாபப் பகிர்வுக்கு முன்னர் கடன்தீர்க்கும் ஆற்றல் பரீட்சிக்கப்பட வேண்டுமென்கின்றது. கடன்களை உரிய வேளையில் செலுத்த இயலுமா என்பது அதன் ஒரு பகுதி. சொத்துகள், பொறுப்புகளையும் கூறப்பட்ட மூலதனத்தையும் விஞ்சுகின்றனவா என்பது மற்றையது. மதிப்பீட்டு இலாபம் இரண்டாவதற்குத் துணைபுரியும். முதலாவதற்குக் காசே வேண்டும். மதிப்பீட்டு இலாபத்தை நம்பிக் கடன்பட்டுப் பங்குலாபம் வழங்கும் நிறுவனம், நாளைய வாடகையை இன்றே உண்கின்றது.

எனவே, முதலீட்டாளர்கள் இலாபத் தொகையுடன் நின்றுவிடாது காசுப் பாய்ச்சற் கூற்றையும் நோக்க வேண்டும். தொழிற்பாட்டுக் காசைக் கணிக்கையில் நியாயப் பெறுமதி இலாபம் அங்கு கழிக்கப்பட்டிருக்கும். எஞ்சும் தொகை கடன் வட்டிக்கும் பங்குலாபத்துக்கும் போதுமா என்பதே உரைகல். மதிப்பீட்டாளர் யார், அவர் கைக்கொண்ட அனுமானங்கள் எவை என்பதையும் கணக்குக் குறிப்புகளில் காணலாம்.

நிறுவனங்களுக்கும் ஒரு கடப்பாடு உண்டு. பங்குதாரர்களுக்கான தலைவரின் அறிக்கையில் இலாப வளர்ச்சியைப் பெருமையுடன் கூறுகையில், அதில் மதிப்பீட்டால் விளைந்தது எவ்வளவு, வாடகையால் விளைந்தது எவ்வளவு என்பதை அதே பந்தியில் பிரித்துக் கூறுதல் வேண்டும். ஓய்வூதியப் பணத்தைப் பங்குகளில் இட்டோர் பலர் கணக்கியல் கற்றவர்களல்லர். அவர்களுக்கு விளங்கும் மொழியில் உண்மையைச் சொல்வது சலுகையன்று. கடமையே என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.