கழுவாத கைக்குக் காரணம் யார்?

ஒரு நோயைத் தீர்த்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போன தொழிலாளி, அங்கே வேறொரு நோயை வாங்கிக்கொண்டு பிணமாகத் திரும்புகிறான். “எல்லாம் செய்து பார்த்தோம், ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது” என்று சொல்லி அனுப்புகிறார்கள். வீட்டார் விதியை நொந்துகொண்டு போகிறார்கள். அந்தக் கிருமி எந்த வழியாக ஏறியது என்று யாரும் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவர்களுக்குக் கழுத்திலோ, தோளெலும்புக்குக் கீழோ, தொடை இடுக்கிலோ பெரிய ரத்தக்குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகுகிறார்கள். அதன் முனை பெரும்பாலும் இருதயத்தின் பக்கம் வரை போகிறது. டயாலிஸிஸ் செய்துகொள்பவர்களிலும் பலருக்குக் கழுத்தில் இந்தக் குழாய் உண்டு. உயிர் காக்கிற சாதனம்தான், சந்தேகமில்லை. ஆனால் தோலின் மேல் இருக்கிற கிருமி, தொடுகிற கையில் இருக்கிற கிருமி, அதே குழாய் வழியாக நேரே ரத்தத்தில் இறங்கிவிடுகிறது. குளிரும் காய்ச்சலும் வருகிறது. ரத்த அழுத்தம் விழுகிறது. பலர் பிழைப்பதில்லை.

இதைத் தடுக்க முடியாதா? முடியும். அமெரிக்காவில் மிச்சிகன் ராஜ்யத்தின் 103 தீவிர சிகிச்சை வார்டுகளில் செய்து காட்டிய முடிவு 2006ல் வெளிவந்தது. புது யந்திரம் எதுவும் வாங்கவில்லை. ஐந்தே காரியம்: கை கழுவுவது, குழாய் போடும்போது தொப்பி, முகமூடி, அங்கி, கையுறை அணிந்து நோயாளியை முழுக்கச் சுத்தமான துணியால் மூடுவது, குளோர்ஹெக்சிடின் மருந்தால் தோலைத் துடைப்பது, கூடியவரை தொடை இடுக்கைத் தவிர்ப்பது, தேவை முடிந்த அன்றே குழாயை எடுத்துவிடுவது. ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் ஒரு குழாய்நாள் என்று கணக்கு. ஆயிரம் குழாய்நாளுக்குச் சராசரி 7.7 பேருக்குக் கிருமி ஏறிய இடத்தில், 18 மாதத்தில் அது 1.4 ஆகக் குறைந்தது!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று உண்டு. டாக்டர் ஒரு படியைத் தவறவிட்டால், “நிறுத்துங்கள்” என்று சொல்லும் அதிகாரத்தை அங்கே நர்சுக்குக் கொடுத்தார்கள். நம்முடைய வார்டுகளில் பெரிய டாக்டரைப் பார்த்து ஒரு நர்ஸ் அப்படிச் சொல்ல முடியுமா? அதிலும் ஒப்பந்த நர்ஸ்? 2015ல் தேர்வு எழுதித் தமிழக சர்க்காரின் ஒப்பந்த வேலைக்கு வந்த நர்சுகள், மாதம் 7,700 ரூபாய்ச் சம்பளம் போதாது, வேலையை நிரந்தரமாக்கு என்று 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடினார்கள். நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ என்று தவிக்கிறவள் எப்படி வாய் திறப்பாள்?

கை கழுவுவது சின்னக் காரியம் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஷிப்டில் நூறு தடவை கழுவ வேண்டும், தடவைக்கு ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொண்டால் 1 மணி 40 நிமிஷம் அதற்கே போய்விடும். முப்பது நோயாளிகளுக்கு ஒரே நர்ஸ் என்று நிறுத்தி வைத்தால் அந்த நேரத்துக்கு அவள் எங்கே போவாள்? இரண்டு சைடு பார்த்தவனை நாலு சைடு பார் என்று சொல்லிவிட்டு, நூல் அறுந்தால் மெமோ கொடுக்கிற மில் நிர்வாகத்தை நமக்குத் தெரியும். இங்கே அறுவது நூல் அல்ல. நர்சுகள் குறைந்தால் குழாய்வழிக் கிருமி கூடுகிறது என்பதை 1996லேயே ஓர் அமெரிக்க ஆய்வு எடுத்துக் காட்டிவிட்டது.

பணம் இல்லை என்ற பல்லவியும் எடுபடாது. கையில் தேய்க்கிற ஸ்பிரிட் மருந்தை ஆஸ்பத்திரியிலேயே தயாரிக்க உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கே கொடுத்திருக்கிறது. பத்து லிட்டருக்கு 96 சத எத்தனால் 8,333 மி.லி., 3 சத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மி.லி., கிளிசரின் 145 மி.லி.; மிச்சம் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். அரை நிமிஷம் தேய்த்தால் போதும். (சாராய ஆலைகளுக்குப் பஞ்சமில்லாத ராஜ்யத்தில் இதற்கா தட்டுப்பாடு?) சலைன் பாட்டிலுக்குக் காற்றுப் போக மேலே ஓர் ஊசியைக் குத்தி வைக்கிறார்களே, அதுவும் கிருமிக்கு வாசல். தானே சுருங்குகிற பைக்கு அந்த ஊசி வேண்டாம். அர்ஜென்டினா, பிரேசில், மெக்சிகோ, இத்தாலி நாடுகளின் வார்டுகளில் இந்தப் பைக்கு மாறியதும் குழாய்வழிக் கிருமி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது என்று 2011ல் எழுதியிருக்கிறார்கள்.

வார்டில் நம்மவர் படுத்திருந்தால் தினமும் கேளுங்கள்: “சிஸ்டர், இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா?” கட்டு நனைந்திருந்தாலும், பிரிந்திருந்தாலும், குழாய் போட்ட இடம் சிவந்திருந்தாலும் உடனே சொல்லுங்கள். நீங்கள் அதைத் தொடாதீர்கள். ஆத்திரத்தில் நர்சோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவளும் கூலிக்கு உழைப்பவள்.

சர்க்காரிடம் நாம் கோருவது இது: காலி இடங்களில் நர்சுகளை நிரந்தரமாக நியமி. கட்டிலுக்கொரு ஸ்பிரிட் பாட்டில் வை. டாக்டரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை நர்சுக்கு எழுத்தில் கொடு. விபத்தில்லாத நாட்கள் எத்தனை என்று ஆலை வாசலில் போர்டு வைக்கிறார்களே, அதைப் போல இந்த மாதம் எத்தனை பேருக்குக் குழாய் போட்டோம், அதில் எத்தனை பேருக்குக் கிருமி ஏறியது என்று ஒவ்வொரு வார்டு வாசலிலும் தமிழில் எழுதிப் போடு.