உதைத்தால் கிக்கர்தான் உடையும்

காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வண்டி திணறுமே என்று கவலைப்படுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்குக்குக் கொல்லிமலையில் கண்டம் இறக்கத்தில் இருக்கிறது. ராஜ்தூத், யெஸ்டி, டிவிஎஸ் 50 போன்றவற்றில் என்ஜினுக்கான ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகும். ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டு, கியரின் பிடியிலேயே வளைவு வளைவாக இறக்கினால் பிஸ்டன் வேகமாக ஓடும். ஆயிலோ பெயருக்குத்தான் வரும். சூடேறிய அலுமினிய பிஸ்டன் வார்ப்பிரும்பு சிலிண்டரைவிட அதிகமாக விரிந்து, சுவரைக் கவ்விக்கொள்ளும். ஓடுகிற வண்டியின் பின்சக்கரம் சட்டென்று நின்றுவிடும். விவரம் தெரிந்தவர்கள் இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்குவது பந்தாவுக்காக அல்ல.

ஓடாமலே ஜாம் ஆகும் என்ஜின்களும் உண்டு. அவைதான் அதிகம் என்றுகூடச் சொல்லலாம். மகன் புது வண்டி வாங்கியதும் அப்பாவின் பைக் பலாமரத்தடிக்குப் போகிறது. இரண்டு மழைக்காலம் போதும். சைலன்சர் வழியாக ஈரக்காற்று நுழைந்து சிலிண்டர் சுவரில் துருவை ஏற்றும். பிஸ்டன் ரிங் அதில் ஒட்டிக்கொள்ளும்.

அதன் பிறகு நடப்பதுதான் கொடுமை. திடீரென்று ஒருநாள் ஆசை வந்து, ஆளாளுக்கு ஏறி நின்று கிக்கரை மிதிப்பார்கள். பிஸ்டன் அசையாது, கிக்கர் பல்லோ ஷாஃப்டோ போகும். அடுத்து பழைய இரும்புக்கடைக்காரர் வந்து எடைக்கு விலை பேசுவார்.

அவசரப்படாவிட்டால் பல என்ஜின்கள் பிழைத்துக்கொள்ளும். பிளக்கைக் கழற்றி, டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து அந்தத் துளை வழியே ஊற்றி, மூடிவைத்துச் சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு பிளக் இல்லாமலே டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்ட வேண்டும். மயிரிழை அசைந்தாலும் பாதி வெற்றி. அசையவே இல்லையென்றால் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் மரக்கட்டையை வைத்துப் பதமாகத் தட்டலாம். இரும்புக் கம்பியால் அடிப்பவரிடம் மட்டும் வண்டியைக் கொடுக்கக் கூடாது.

பிஸ்டன் விட்டுக்கொடுத்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கத் தோன்றும். அங்கேதான் பலர் கெடுக்கிறார்கள். துரு அரித்த சுவரில் ரிங் உரசினால் என்ஜின் மறுபடி கவ்வும். சிலிண்டரைக் கழற்றிப் பார்த்து, தேவையானால் லேத்தில் போர் அடித்து, கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ பெரிய பிஸ்டன் போடுவதுதான் முறை. டூ-ஸ்ட்ரோக்கில் ஊற்றிய டீசல் கிராங்க் அறைக்குள் இறங்கியிருக்கும். அதையும் வடித்து, பேரிங்கைப் பார்த்துவிட வேண்டும்.

செலவு இல்லாமல் இல்லை. 15 ஆண்டு கடந்த பைக்கின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயானது. ஆர்எக்ஸ் 100, யெஸ்டி இரண்டின் உற்பத்தியும் 1996-இல் நின்றுபோனது. தரமான உதிரிபாகம் தேடி அலைய வேண்டும். டூ-ஸ்ட்ரோக் புகையையும் மறுப்பதற்கில்லை, ஊருக்கு ஊர் இந்த வண்டிகளை ஓட்டச் சொல்லவும் முடியாது. ஆனால் பஞ்சாயத்துக்குள் சந்தைக்கும் தோட்டத்துக்கும் மிளகு மூட்டை சுமக்க, பழுதுபார்த்தால் ஓடும் வண்டி இருக்கும்போது, கடன் வாங்கிப் புதிது எடுக்கத்தான் வேண்டுமா?

லாரிக்குக் கூண்டு கட்டுவதில் பெயர்பெற்ற மாவட்டம் நாமக்கல். இரும்பு வேலை தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. கொல்லிமலையின் செம்மேட்டில் பழைய என்ஜின் வேலைக்கென்று ஒரு குறுகிய காலப் பயிற்சியை மாவட்ட நிர்வாகம் தொடங்கலாம். அதுவரை, பலாமரத்தடி வண்டியை இரும்புக்கடைக்குத் தள்ளும் முன் பிளக்கைக் கழற்றி அரை டம்ளர் எண்ணெயாவது ஊற்றிவையுங்கள்.