சிறு வேனும் நாம் அனுப்பும் பணமும்

புலம்பெயர்ந்தோர் வீடுகளில் ஒலிக்கும் தொலைபேசியில் அடிக்கடி கேட்கும் கோரிக்கை ஒன்று உண்டு. "பழைய சின்ன வேன் ஒன்று வாங்கித் தந்தால் எப்படியோ பிழைத்துக்கொள்வோம்." வவுனியாவிலிருந்தும் இது வருகிறது, யாங்கூனிலிருந்தும் வருகிறது. சீட்டுப் பிடித்தோ மேலதிக வேலை செய்தோ நாமும் அனுப்பிவிடுகிறோம். அந்த வேன் அங்கு என்னவாகிறது என்பதை மட்டும் விசாரிப்பதில்லை. யாங்கூனின் மேற்கே ஆற்றோரமாக அமைந்த க்யிம்யிண்டைங்கில் இத்தகைய வேன் வைத்திருக்கும் தமிழர் சிலரின் அனுபவங்களை அண்மையில் கேட்டறிந்தோம். அவை நம் அனைவருக்கும் பயன்படும் என்பதால் இங்கு எழுதுகிறோம்.

ஆங்கிலேயர் கெம்மண்டைன் என்று அழைத்த பகுதி இது. 1877இல் திறக்கப்பட்ட றங்கூன் - புரோம் இருப்புப்பாதை இதனூடாகவே சென்றது. இன்று இரவுச் சந்தைக்குப் பெயர்பெற்றது. படகில் வந்திறங்கும் காய்கறியும் பழமும் விடியுமுன் நகரெங்கும் சென்றாக வேண்டும். யாங்கூனின் பெரும்பகுதியில் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை உள்ளது. ஆகவே லொறி நுழையாத சந்துக்குள் சரக்கைக் கொண்டுசெல்லச் சிறு வேனே ஏற்ற வாகனம்.

இந்தச் சிறு வண்டிகளின் கதை புதியதன்று. 1954ஆம் ஆண்டின் போர் இழப்பீட்டு உடன்படிக்கைப்படி ஜப்பான் பர்மாவுக்கு வழங்கிய உதவியின் வழியாகவே மஸ்டா வாகனங்களைப் பொருத்தும் தொழில் அங்கு வேரூன்றியது. மஸ்டா பி600 என்ற நீலநிறக் குட்டி வண்டி பல தசாப்தங்கள் யாங்கூன் தெருக்களில் ஓடியது. 2011 செப்டெம்பரில் பழைய வாகனங்களை ஒப்படைத்தால் இறக்குமதி அனுமதி வழங்கும் திட்டம் வந்தது. அதன்பின் ஜப்பானில் பாவித்த வாகனங்கள் வெள்ளமாக வந்திறங்கின. சுசுக்கி எவ்ரி, டைஹட்சு ஹைஜெட் போன்ற 660 சிசி வேன்கள் இவ்வகையைச் சேர்ந்தவை.

வைத்திருப்போர் முதலில் சொல்வது புகழ்ச்சியே. எரிபொருள் குறைவு, சந்துக்குள் திரும்பும், பக்கக் கதவு வழியே ஏற்றி இறக்கலாம். அடுத்து வருவது புலம்பல். இவ்வேன்களுக்கு ஜப்பானில் விதிக்கப்பட்ட பாரம் 350 கிலோ மட்டுமே. சந்தையில் அந்தக் கணக்கை எவர் பார்க்கிறார்? இரு மடங்கு ஏற்றினால் வில்லும் பிரேக்கும் முதலில் போகின்றன. இயந்திரம் முன்னிருக்கையின் கீழும் ரேடியேட்டர் முன்புறத்திலும் இருப்பதால், இடையே செல்லும் குழாயில் கசிவு ஏற்பட்டாலும் ஓட்டுநர் அறியார். இயந்திரம் கொதித்த பின்னரே அறிவார். பழைய எஃப்6ஏ இயந்திரமாயின் டைமிங் பெல்ட்டை ஒரு இலட்சம் கிலோமீற்றருக்குள் மாற்ற வேண்டும். பின்வந்த கே6ஏயில் சங்கிலி உண்டு. அந்தக் கவலை குறைவு. மழைக்காலத்தில் தேங்கிய நீரிலும் மீன் நீரிலும் அடித்தளம் துருப்பிடிக்கும். வெளியே பூசிய புதுவர்ணத்தை நம்பி வாங்கியவர் ஒருவர், கால்மிதியைத் தூக்கியபோது கீழே வீதி தெரிந்தது என்றார்.

1970 டிசம்பர் முதல் பர்மாவில் வீதியின் வலப்புறமே வாகனம் செல்கிறது. ஜப்பான் வேனிலோ சுக்கானும் வலப்புறமே. முன்னால் செல்லும் பேருந்தை முந்த வேண்டுமாயின், எதிரே வருவது ஓட்டுநருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவரே பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது ஆள் என்பது இரண்டாவது கூலி.

இவையெல்லாம் கராஜில் தீரும் நோய்கள். தீராத நோய் பதிவுப் புத்தகத்தில் உள்ளது. பதிவின்றி எல்லை கடந்து வரும் வாகனத்தை அங்கு 'வித்தவுட்' என்கிறார்கள். மலிவு என்று வாங்கினால் ஒருநாள் மறிப்பில் முழு முதலும் போய்விடும். பதிவுள்ள வேனிலும் சிக்கல் உண்டு. 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் குடிமக்களை மூன்று தரமாகப் பிரித்தது. தலைமுறைகள் வாழ்ந்தும் முழு உரிமை அட்டை பெறாத தமிழர் பலர் உள்ளனர். அவர்கள் அயலவர் பெயரில் வேனை எழுதுகிறார்கள். அயலவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் இறந்தபின் அவர் பிள்ளைகள் வந்து "புத்தகத்தில் எங்கள் தந்தையின் பெயர்தானே" என்று கேட்டால் என் செய்வது? அவ்வாறு வேனை இழந்த குடும்பத்தை நாம் அறிவோம். ஜப்பானிலிருந்து வந்த இரும்புக்கு முழுமையான தாள்கள் இருக்கின்றன. அங்கேயே பிறந்த மனிதனுக்கு இல்லை. அகதி விண்ணப்பத்துடன் அலைந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலான கேள்வி ஒன்று இன்று எழுந்துள்ளது. 2021 பெப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்பின்பின் நாணயம் வீழ்ந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 1,330 சாட் என்றிருந்த மதிப்பு, 2024இல் வெளிச்சந்தையில் 4,000ஐத் தாண்டியது. உதிரிப்பாகங்களின் விலையும் உடன் ஏறியது. 2024 பெப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 18 முதல் 35 வயதுவரையான ஆண்கள் அதன் வரம்புக்குள் வருகிறார்கள். இரவுச் சந்தைக்கு வேன் ஓட்டும் வயதும் அதுவே. சோதனைச்சாவடிக்கு அஞ்சி மகன் தாய்லாந்துக்குப் போய்விட, அறுபதைத் தாண்டிய தந்தை இரவில் ஓட்டுகிறார். வேன் இருக்கிறது, ஓட்டப் பிள்ளையில்லை.

நாம் சொல்ல விரும்புவது இதுதான். பணம் அனுப்புவதை நிறுத்த வேண்டாம். 1990களில் யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் எத்தனை நோயாளரை மருத்துவமனை சேர்த்தன என்பதை நாம் மறக்கவில்லை. வாகனத்தின் அருமை நமக்குத் தெரியும். ஆயினும் அனுப்புமுன் கேட்போம்: புத்தகம் யார் பெயரில்? அடித்தளத்தை யார் பார்த்தார்கள்? பழுதுக்கென ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதா? ஓட்டப்போவது யார்?

கடைசிக் கேள்விக்கான விடை பத்தொன்பது வயதுப் பையன் என்றால், "போட்ட காசு எப்போது திரும்பும்" என்று மாதந்தோறும் கேட்காதிருப்போம். நமது அவசரம் அவனை இரவு வீதிக்கு அனுப்பக்கூடாது. வேன் போனால் இன்னொன்று வாங்கலாம்.