ஆற்றோர ஊரும் சுடுகாட்டு வழியும்

பச்சைமலையிலிருந்து வரும் கல்லாறு எங்கள் அரும்பாவூர்ப் பக்கத்து ஆறு. ஆற்றோர ஊர் எதையும் மக்கள்தொகைக் கணக்கில் தேடினால் பரப்பளவு, வீடுகள், பட்டியல் சாதியினர் எண்ணிக்கை கிடைக்கும். 2011 கணக்குப்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நாங்கள் நூற்றுக்கு 31 பேர். ஆனால் காலனி எந்தப் பக்கம், அங்கிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வழி யார் நிலத்தில் என்பது அதில் இல்லை.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் பாதை மறுக்கப்பட்டதால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டி இறக்கினார்கள். காணொளி பரவிய பிறகே சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. காணொளி எடுக்காத ஊர்கள் எத்தனையோ!

2011 வீட்டுப் பட்டியலில், குடிநீர் அருகிலா தொலைவிலா என்று கேட்டார்கள். கிராமத்தில் 500 மீட்டரைத் தாண்டினால் தொலைவு. தண்ணீருக்குத் தூரம் கேட்டவர்கள் பிணத்துக்கு வழி கேட்கக் கூடாதா?

2027 கணக்கெடுப்பில் எல்லாச் சாதியும் எண்ணப்படும் என்கிறார்கள். நல்லதுதான். அதுவரை காத்திருக்க வேண்டாம். படிக்கும் பிள்ளைகள் காலனியிலிருந்து சுடுகாடு வரை நடந்து அளந்து, சர்வே எண்களோடு குறித்து, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாகக் கொடுக்கட்டும்.